இருபது நிமிடத்துக்கு மேல் இல்லை

நல்லமுத்துவின் இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தால் அவருக்குத் தெரியாது. யாராவது பின்னாலிருந்து கத்திச் சொல்ல வேண்டும். மார்க்கெட் ஸ்திரீட்டில் அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டு லோரிக்குத் திரும்பும்போது, மாலை கட்டுகிற பெண் "அண்ணே, சிலிப்பரு!" என்று கூவுவது வாடிக்கையாகிவிட்டது. பதினோரு வருடமாக இதுதான் கதை. வேறொரு ஊரில், வேறொரு ஆஸ்பத்திரியில், அந்தக் கணுக்காலுக்குள் கேமரா விட்டுச் சுத்தம் செய்தார்கள். மயக்கம் தெளிந்து பார்த்தால் பாதத்தின் மேல்பக்கம் மரக்கட்டை. ஏன் இப்படி என்று கேட்டதற்கு மலாயில் "பியாசா" என்றார்கள். சகஜமாம். எது சகஜம், காலை யார் பிடித்தார்கள், எவ்வளவு நேரம் என்ன செய்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மரத்துப்போனதைக்கூட அவர் மன்னித்துவிட்டார். அந்த ஒற்றைச் சொல்லைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்தக் கதையைக் கடைசிவரை கேட்ட முதல் ஆள் வெரோனிக்கா. கேட்கும்போது அவர் நல்லமுத்துவின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இந்தத் தடவை வலது கால் அறுவைக்காக நல்லமுத்து படுத்திருந்த வார்டுக்குள் காலை ஏழு மணிக்கு வந்தார், போர்வையை விலக்கினார், வலது குதிகாலை ஒரு கையில் ஏந்தினார், இன்னொரு கையைப் பாதத்தின்மேல் வைத்து மெல்ல இழுத்துப் பார்த்தார். இறுகிக் கிடக்கும் மேசை இழுப்பறை எவ்வளவு வரும் என்று பார்ப்பார்களே, அந்த மாதிரி. அதற்குப் பிறகுதான், "பேரு என்னண்ணே?" என்றார்.

"நல்லமுத்து. நீங்க யாரு, சிஸ்டரா?"

"சிஸ்டர்னு கூப்பிட்டா உண்மையான சிஸ்டருக்குக் கோபம் வரும். நான் ஆபரேஷன் ரூம் அட்டெண்டன்ட். உங்க காலு இன்னிக்கு என் பொறுப்பு."

வெரோனிக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. குள்ளம். முழங்கைக்குக் கீழே மட்டும் மீன் சந்தையில் கூடை தூக்குகிறவர்களுக்கு இருக்கிற மாதிரி திரட்சி. மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கும். தூரத்தில் இருப்பதைப் பார்க்க மட்டும் போட்டுக்கொள்வார், பாதங்கள் பக்கத்தில்தானே இருக்கின்றன. பினாங்கில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் அறுவை அறையில் இருபத்துமூன்று வருடமாக வேலை. டாக்டர்கள் மாறினார்கள், கட்டில் மாறியது, விளக்கு மாறியது. நோயாளியின் காலைப் பிடித்துப் பார்க்காமல் வெரோனிக்கா உள்ளே தள்ளுவதில்லை என்கிற வழக்கம் மாறவில்லை.

ஆட்களை அவருக்குப் பெயரால் தெரியாது. அறுவை நடந்த வருடத்தாலும் காலின் பக்கத்தாலும்தான் தெரியும். சனிக்கிழமை குயின் ஸ்திரீட்டில் சாமான் வாங்கப் போனால் கண் தரையிலேயே இருக்கும். நகைக்கடை வாசலில் நிற்பவர் "பதினெட்டு, வலது." சேலைக் கடையில் படியேறும் அம்மாள் "இருபத்தொண்ணு, இடது, கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறா, சொன்ன பயிற்சி செய்யல." ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் முழந்தாளிடும்போது முன்வரிசைக்காரர்களின் குதிகால்கள் வரிசையாகத் தெரியும், அந்த நேரத்தில் தனக்கு ஜெபம் ஓடாது என்று அவரே ஒப்புக்கொள்வார். "ஆண்டவருக்கு என் வேலை தெரியும்லா" என்பார்.

நல்லமுத்துவின் வலது கால் கதை இது. இரண்டு வருடத்துக்கு முன் லோரியின் பின்பலகையிலிருந்து குதித்தபோது கணுக்கால் மடங்கியது. எலும்பில் ஒரு சில்லு பெயர்ந்து மூட்டுக்குள் திரிய ஆரம்பித்தது. பெரும்பாலும் சும்மா இருக்கும். சில நேரம் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். ஒருநாள் ஃபெரித்துறைப் பக்கத்து சிக்னலில், எட்டு டன் சரக்கோடு, பிரேக்கை மிதிக்கப் போனபோது அடைத்துக்கொண்டது. கால் இறங்கவில்லை. கை பிரேக்கை இழுத்து, முன்னால் நின்ற திரிஷா என்கிற சைக்கிள் ரிக்ஷாவுக்கு ஒரு சாண் இடைவெளியில் லோரியை நிறுத்தினார். அன்றைக்கே முதலாளியின் மேசைமேல் சாவியை வைத்துவிட்டு இந்த ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டர் ஸுல்கிஃப்லியைப் பார்க்க வந்தார்.

இடது கால் மரத்தாலும் கிளட்சைக் குனிந்து பார்த்து மிதித்துவிடலாம். வலது கால் பிரேக் கால். அதுவும் மரத்துவிட்டால் வைத்த சாவி வைத்ததுதான். அதனால் நல்லமுத்து ஒரே பிடிவாதமாக நின்றார்: முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போதும், என்ன நடக்கிறது என்று காதால் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன்.

"கேளுங்க" என்றார் வெரோனிக்கா. "ஆனா இப்பவே கேட்டுக்கிட்டா அங்க வந்து பயப்பட மாட்டீங்க." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையிலிருந்த காலுக்கே பாடம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"கணுக்கால் மூட்டு ரொம்ப இறுக்கம்ணே. முட்டி மாதிரி தாராளம் கிடையாது. கேமரா, சாத்தே இறைச்சி கோக்கிற குச்சி கனம் இருக்கும். அது நுழையவே இடம் போதாது. எலும்பையும் எலும்பையும் கொஞ்சம் விலக்கினாத்தான் உள்ள போகும். முந்தி கணைக்கால் எலும்புல ஒரு ஆணி, குதிகால்ல ஒரு ஆணி, நடுவுல திருகு. நல்லா விலகும். ஆனா எலும்புல ஓட்டை போட்டுல்ல இழுக்கிறோம்? அப்புறம் பட்டை வந்துச்சு. பாதத்துல மாட்டி, கட்டில்ல இருக்கிற கம்பியில கோத்துத் திருகுறது. தோல்ல காயம் இல்ல. ஆனா திருகுனா திருகுன இடத்துல நிக்கும். கால் போதும்ங்குதா, இன்னும்ங்குதா, இரும்புக்கு என்ன தெரியும்?"

"உங்க டாக்டரு?"

"எங்க டாக்டரு பட்டையைத் தன் இடுப்போட சேத்துக் கட்டிக்கிடுவாரு. பின்னால சாய்ஞ்சா மூட்டு விரியும், முன்னால வந்தா மூடும். ரெண்டு கையும் வேலைக்கு ஃப்ரீ."

"கயிறு இழுக்கிற போட்டியா அக்கா?"

"ஆமா, எதிர்ப்பக்கம் நீங்கதான். தொடைக்கு அணை கொடுத்து வச்சிருப்போம். இல்லாட்டி நீங்களும் சேர்ந்து வழுக்கிட்டு வந்து டாக்டர் மடியில உக்காருவீங்க."

சிலருக்கு இழுக்கவே வேண்டாமாம். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் மூட்டின் முன்பக்கம் தானாகத் திறந்து கொடுக்கும். "உங்க சில்லு பின்பக்கம் போய்ப் படுத்திருக்கு. இழுத்துத்தான் ஆகணும்."

லோரிக்காரருக்குக் கயிறு, கட்டு, இழுவை என்றால் புது விஷயமா? நல்லமுத்து தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். "அப்ப நல்லா இறுக்கிக் கட்டிருங்க அக்கா. லோடு ஆடக் கூடாது."

வெரோனிக்கா முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். "லோடு இல்லண்ணே, காலு. இறுக்கிக் கட்ட யாராலயும் முடியும். சட்டுனு அவுக்க முடியணும், அதுதான் கட்டு."

அவர் போடுகிற முடிச்சு எந்த நர்ஸ் பள்ளியிலும் சொல்லிக் கொடுத்ததல்ல. ஆஸ்பத்திரி எதிரே இருக்கிற கடையில் தேத்தண்ணியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ரப்பியா கயிற்றால் ஓரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுப்பார்கள். தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டாது. நுனியை இழுத்தால் ஒரே இழுப்பில் வாய் திறந்துவிடும். கடைக்காரர் அப்துல் ஹமீதிடம் ஒரு வாரம் நின்று அதைக் கற்றுக்கொண்டு வந்து, டாக்டர் ஸுல்கிஃப்லியின் முதுகுக்குப் பின்னால் கட்டிக் காட்டினாராம். டாக்டர் சாய்ந்து பார்த்தார், தாங்கியது. நிமிர்ந்தார், வெரோனிக்கா நுனியைத் தட்டினார், அவிழ்ந்தது. அன்றிலிருந்து டாக்டரின் இடுப்புக் கட்டை வேறு யாரும் தொடுவதில்லை.

இன்னொன்று அவருடைய கடிகாரம். குவே லாப்பிஸ் பலகாரத்தை அடுக்கடுக்காக ஊற்றி அவிப்பதற்கு வாங்கிய சமையல் கடிகாரம். இப்போது பிளாஸ்டிக் உறைக்குள், அறுவை அறைச் சுவர் அலமாரியில் ஒட்டியிருக்கிறது. இழுவை ஆரம்பித்தால் அதைத் திருப்பிவிடுவார். இருபது நிமிடம். மணி அடித்தால் ஐந்து நிமிடம் விட வேண்டும். புத்தகத்தில் இன்னும் அதிக நேரம் தாங்கும் என்று போட்டிருப்பதாக நர்ஸ் ரோஹானா பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். "புத்தகத்துக்குக் கால் இருக்கா?" என்பது வெரோனிக்காவின் பதில்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை, நல்லமுத்து நோண்டிக் கேட்டதால் இரண்டு வரி சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தையல்காரப் பெண் ஒருத்தி. இழுவை ரொம்ப நேரம் போனது தெரிந்தது. அட்டெண்டன்ட் பேசலாமா என்று இவர் நின்றுவிட்டார். அந்தப் பெண்ணுக்கு மிஷின் மிதிக்கிற காலில் உணர்ச்சி திரும்ப ஒன்பது மாதம் ஆயிற்று. "அன்னிக்கு வாயைத் தொறக்கல. அப்புறம் மூடுறதில்ல."

"அப்ப என் இடது காலையும் இப்படித்தான்..."

"நான் அங்க நிக்கலண்ணே. பாக்காததைச் சொல்ல மாட்டேன். இழுவை கூடியிருக்கலாம். கத்தி நரம்புல பட்டிருக்கலாம். ஆனா ஒண்ணு சொல்றேன், அது பியாசா இல்ல. உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கணும்."

பதினோரு வருடம் கழித்து ஒரு ஆள் சொல்லியாயிற்று.

டாக்டர் ஸுல்கிஃப்லி வந்ததும் வெரோனிக்கா நல்லமுத்துவின் வலது காலின் நான்காவது விரலைப் பிடித்துக் கீழே மடக்கிப் பாதத்தை உள்பக்கம் சாய்த்தார். பாதத்தின் மேல்தோலுக்கு அடியில் மெல்லிய நூல் ஒன்று விறைத்து எழுந்தது. "இவன்தான். மேல் பாதத்துக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு. கேமரா இவன் பக்கத்துலதான் நுழையும். இவனைத் தொடாம போகணும்." டாக்டர் ஊதா மையால் அந்த நூலின்மேல் கோடு போட்டார். பேனாவை மூடிக்கொண்டு போனார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை.

அறுவை அறையில் நல்லமுத்துவின் நெஞ்சுக்கு மேலே பச்சைத் திரை. இடுப்புக்குக் கீழே தனக்கு உடம்பு இருப்பதே தெரியவில்லை. காது மட்டும்தான். தண்ணீர் சொட்டுவது கேட்டது. யாரோ பட்டையைச் சரசரவென்று இழுத்தார்கள். திரையோரமாகப் பார்த்தால் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் வெரோனிக்காவின் தொப்பி தெரிந்தது. "சாயுங்க டாக்டர்." கட்டில் முனகியது. அலமாரியில் கடிகாரம் டிக்டிக்கென்று ஓட ஆரம்பித்தது.

முதல் இருபது நிமிடம் தேடுவதிலேயே போனது. மணி அடித்தது. "லெப்பாஸ், டாக்டர்." விடச் சொல்கிறார். டாக்டர் கருவிகளை வெளியே எடுத்தார், நிமிர்ந்தார், வெரோனிக்கா நுனியை இழுத்தார். ஐந்து நிமிடம் எல்லாரும் சும்மா நின்றார்கள். வெரோனிக்கா தொடையணையைச் சரிபார்த்தார், கால்விரல்களின் நிறத்தைப் பார்த்தார்.

இரண்டாவது இழுவையில் சில்லு அகப்பட்டது. டாக்டரின் குரலில் முதல் தடவையாக உயிர் வந்தது. பின் இடுக்கில் தெரிகிறது, வழுக்குகிறது, இதோ, இல்லை, இதோ என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். மணி அடித்தது.

"லெப்பாஸ், டாக்டர்."

"செக்கெஜாப், வெரோ." ஒரு நிமிடம் பொறு என்கிறார். கருவியின் வாய்க்குள் பாதி வந்துவிட்டதாம்.

"லெப்பாஸ்."

கருவி உரசுகிற சத்தம் நிற்கவில்லை. நல்லமுத்துவுக்கு எல்லாம் தெரியும். இப்போது எடுத்துவிட்டால் முடிந்தது. எடுக்க முடியாமல் போனால் கத்தியால் திறந்துதான் எடுக்க வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். திறந்தால் இன்னும் மூன்று மாதம் வீட்டில். ஒரு நிமிடம்தானே, எடுத்துத் தொலைங்க டாக்டர் என்று கத்தலாம் போலிருந்தது. வாய்வரை வந்தும்விட்டது. அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெரோனிக்காவின் குரல், கூட்டாமல் குறைக்காமல், நிமிடமும் வினாடியுமாக எண்ண ஆரம்பித்தது. இருபது முப்பது. இருபது நாற்பது. இருபத்தொண்ணு. வாய்ப்பாடு ஒப்பிப்பது போல. இருபத்தொண்ணு பத்து.

"வெரோ!" என்று அதட்டியது ரோஹானா.

"இருபத்தொண்ணு இருபது. டாக்டர், நான் முடிச்சை இழுக்கப் போறதில்ல. உங்க கருவி உள்ள இருக்கு. நீங்கதான் எடுக்கணும். நீங்க எடுக்கிற வரைக்கும் நான் எண்ணிக்கிட்டுத்தான் இருப்பேன்." மலாயில் சொன்னார். நல்லமுத்துவுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. "இருபத்தொண்ணு முப்பது."

உலோகம் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. டாக்டர் நிமிர்ந்தார். முடிச்சு அவிழ்ந்தது. சில்லு மறுபடி எங்கேயோ போய்விட்டது.

அந்த ஐந்து நிமிடம் நல்லமுத்துவின் வாழ்க்கையிலேயே நீளமானது. டாக்டரின் கோபம் திரைக்கு இந்தப் பக்கம்வரை வந்தது. வெரோனிக்கா கடிகாரத்தை முறுக்கிக்கொண்டிருந்தார், முறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தலைமாட்டுக்கு வந்து திரையோரமாகக் குனிந்தார். முகமூடிக்கு மேலே கண் மட்டும்.

"கோபமாண்ணே?"

"கையில வந்ததை விட்டுட்டீங்களேக்கா."

"சில்லு எங்க போயிரும்? மூட்டுக்குள்ளதான கிடக்கும். நரம்பு போனா யாருக்கிட்ட போய்க் கேப்பீங்க?" போய்விட்டார்.

மூன்றாவது இழுவையில், பதினாறாம் நிமிடத்தில், டாக்டர் அதை எடுத்தார். பச்சைப் பட்டாணி அளவுகூட இல்லை. ரோஹானா அதைச் சின்னப் புட்டியில் போட்டுத் திரைக்கு மேலே காட்டியபோது, இதுக்காடா லோரியை நிறுத்தினோம் என்று நல்லமுத்துவுக்கு வெறுப்பாக இருந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றினார். கதவுவரை போனவர் திரும்பி நின்று, "அடுத்த முறை பதினெட்டில் ஒரு தடவை சொல், இருபதில் ஒரு தடவை சொல்" என்றார். நன்றியும் இல்லை, திட்டும் இல்லை. வெரோனிக்கா அலமாரியில் ஒட்டியிருந்த காகிதத்தில் 18 என்று எழுதினார்.

ஆனால் கால் தப்பியதா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. முதுகு ஊசி தெளிய வேண்டும். மத்தியானம் முழுக்க நல்லமுத்து தன் கால்களை இரண்டு பொதிகளைப் போல் பார்த்துக்கொண்டு கிடந்தார். மூன்று மணிக்குத் தொடையில் எறும்பு ஊர்ந்தது. மூன்றரைக்கு முழங்கால் வந்தது. பாதம் வரவில்லை.

நாலே காலுக்கு வெரோனிக்கா வந்தார். வேலை முடிந்து சீருடை மாற்றி, தோளில் பையோடு. "பஸ்ஸு போயிரும்ல அக்கா?" என்றதற்கு, "பின்னாலயே இன்னொண்ணு வரும்" என்று பையைத் தரையில் வைத்தார். கால் முழுக்கக் கட்டு; ஐந்து விரல்கள் மட்டும் வெளியே. பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துத் திரித்தார்.

"மத்தவங்களுக்கு அடுத்த காலோட ஒத்துப் பாப்பேன். உங்களுக்கு அது ஆகாது." பஞ்சு நுனியை அவர் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தார். "இப்படித் தெரியணும். இதுல பாதி இருந்தாலும் பாதினு சொல்லணும், என் மனசுக்காகப் பொய் சொல்லக் கூடாது. கண்ணை மூடுங்க."

மூடினார்.

"இப்ப?"

"பெருவிரல்."

"இப்ப?"

"அதுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல."

"இப்ப?"

"சுண்டு... இல்ல, அதுக்கு முந்தினது. நாலாவது."

"இப்ப?"

ஒன்றும் இல்லை. நல்லமுத்து காத்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு மொத்த உடம்பையும் அந்த விரல்களுக்கு அனுப்பினார். ஒன்றும் இல்லை.

"தெரியலக்கா" என்றார். "ஒண்ணும் தெரியல."

"நான் தொடவே இல்லண்ணே. பொய் சொல்றீங்களானு பாத்தேன்."

"அடச் சீ, பாவி" என்று கண்ணைத் திறக்கப் போனார்.

"மூடுங்க, மூடுங்க. சும்மா திட்டாதீங்க." சுண்டு விரலின் மேல் பஞ்சு ஊர்ந்தது. சொன்னார். நடுவிரலின் மேல் ஊர்ந்தது. அதையும் சொன்னார். கன்னத்தில் தெரிந்த அதே கோடுதான். வெரோனிக்காவிடமிருந்து சபாஷும் வரவில்லை, ஸ்தோத்திரமும் வரவில்லை. பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போடுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு விரல்களின் அடியில் ஏதோ சூடாக, அகலமாக வந்து ஒட்டியது. அவருடைய உள்ளங்கை. முழங்கையைக் கட்டில் கம்பியில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அந்தக் கையின் உறுதியிலேயே தெரிந்தது.

"கட்டு அசையாம, விரலால மட்டும். பிரேக்குனு நெனச்சு, மெதுவா அழுத்துங்கண்ணே" என்றார். "இல்ல, இது போதாது. என் கை பின்னால போகணும். இன்னும் அழுத்துங்க."